பொட்டலம் வயது கேட்காது

மதுரை செல்லூர்ப் பக்கம் ஒரு பெட்டிக்கடை. சில ஆண்டுகளுக்கு முன் அங்கே வெற்றிலை வாங்க நின்றிருந்தேன். பள்ளிச் சீருடையில் ஒரு பையன் வந்து ஒற்றைச் சிகரெட் கேட்டான். கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருக்குடா தம்பி?"

"மாமாவுக்குண்ணே."

"மாமாவுக்குக் கால் இருக்குல்ல? அவரையே வரச் சொல்லு. இல்லாட்டி ஒங்கப்பாகிட்ட நான் கேட்டுக்கிறேன், மாமா யாருன்னு."

பையன் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். அடுத்த தெருவில் வாங்கியிருக்கலாம். எல்லாப் பெட்டிக்கடைக்காரரும் இப்படி விரட்டுவதில்லை என்பதும், கேட்டதும் கொடுத்துத் தீக்குச்சியும் உரசிக் கொடுப்பவர்கள் உண்டு என்பதும் மதுரைக்காரர்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அந்தக் கடையில் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. கேட்டவருக்குப் பையனின் அப்பாவைத் தெரிந்திருந்தது.

அண்மையில் அதே பகுதியிலிருந்து ஒரு தகப்பனார் என்னைத் தேடி வந்தார். நான் முப்பது ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தியவன் என்பதால் இப்படிச் சிலர் வருவார்கள். சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். பென் டிரைவைவிடச் சற்றுப் பெரிது, வழவழப்பான பச்சை நிறம். "சார், சார்ஜர்னு சொல்றான். மோந்து பாருங்க, மாம்பழ வாசனை அடிக்குது" என்றார். மகன் பதினொன்றாம் வகுப்பு. அம்மாவின் கைப்பேசியிலிருந்து பணம் போயிருக்கிறது. வீட்டு வாசலுக்குக் கூரியர் வந்திருக்கிறது. பொட்டலத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கி மகன் மேசைமேல் வைத்தவர் அவனுடைய பாட்டி.

அதுதான் வேப். இ-சிகரெட், மின்சிகரெட் என்றும் சொல்கிறார்கள். உள்ளே ஒரு சிறு பேட்டரி, அது ஒரு கம்பிச் சுருளைச் சூடாக்கும், சுருளைச் சுற்றிய பஞ்சில் ஊறியிருக்கும் திரவம் ஆவியாகும், அதை உறிஞ்சுகிறார்கள். திரவத்தில் புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைப் பொருள், பெரும்பாலும் நிகோட்டின். புகையிலை எரிவதில்லை என்பதால் தார் இல்லை. சட்டையில் நாற்றம் ஒட்டுவதில்லை, வாயும் நாறுவதில்லை. பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் பிடிபடாமல் போவதற்கு இதுவே முதல் காரணம். நிகோட்டினை உப்பு வடிவில் சேர்த்தால் தொண்டை எரிச்சல் குறையும். குறைவதால் அதிகமாக உறிஞ்சலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் நிகோட்டினுக்கு மேல் கூடாது என்று வரம்பு உண்டு. மேசைமேல் கிடந்த அந்தப் பச்சைப் பொருளில் எவ்வளவு இருந்தது என்று சொல்ல அதன் அட்டையில் எழுத்தே இல்லை. மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பதினாறு வயதுப் பையனுக்குள் போனது எவ்வளவு என்று அவன் அப்பாவிடம் நான் என்ன சொல்ல?

இதை விற்க இந்தியாவில் எவருக்கும் உரிமை இல்லை. தமிழ்நாடு 2018-லேயே தடை செய்துவிட்டது. 2019 செப்டம்பர் 18-ஆம் தேதி ஒன்றிய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அது நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமாயிற்று. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்வது, விற்பனை, விநியோகம், விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். சரக்கைப் பதுக்கி வைத்தாலே ஆறு மாதம் வரை உள்ளே போகலாம். பயன்படுத்துபவரை இந்தச் சட்டம் தண்டிப்பதில்லை. அது சரியான முடிவு. நிகோட்டினுக்குப் பழகிவிட்ட பிள்ளையைக் குற்றவாளி ஆக்கினால் அவன் உதவி கேட்டு எவரிடமும் வரமாட்டான்.

வெளிநாடுகளில் இந்தப் பொருளை வைத்து வேறொரு விவாதம் நடக்கிறது. பிரிட்டனின் கடைத்தெருக்களில் வேப் கடைகள் வெளிப்படையாக இருக்கின்றன. இணையத்தில் விலை குறைவு, ஆனால் ஊர்க் கடைக்காரர் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பார், எனவே ஊர்க் கடையை ஆதரியுங்கள் என்று அங்கே ஒரு தரப்பு பேசுகிறது. சிகரெட்டை விட வருபவருக்கு எந்த அளவு நிகோட்டினில் தொடங்குவது, சுருளை எப்போது மாற்றுவது, எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று முகத்துக்கு முகம் சொல்ல ஆள் வேண்டும் என்பது அவர்களுடைய வாதம். மதுரையில் கடையும் குற்றம், இணைய விற்பனையும் குற்றம். ஆகவே நமக்கு இந்த விவாதமே கிடையாது என்று ஒதுங்கிவிடலாம் போலத் தோன்றும். ஒதுங்க முடியாது என்பதற்கு அந்தத் தகப்பனார் மேசைமேல் வைத்த பொருளே சாட்சி. சட்டம் இரண்டு கதவையும் மூடச் சொன்னது. நாம் ஒன்றைத்தான் மூடினோம்.

டவுன்ஹால் ரோட்டில் ஒருவர் கண்ணாடிப் பெட்டியில் வேப் அடுக்கி வைத்தால் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? பீட் போகும் காவலர் பார்ப்பார், பக்கத்துக் கடைக்காரர் தகவல் சொல்வார், மறுநாள் மாலைப் பத்திரிகையில் படம் வரும். சமூக ஊடகத்தில் ஒரு பெயரில்லாக் கணக்கு அதையே அடுக்கி வைத்தால் என்ன நடக்கிறது? கணக்கை முடக்கினால் ஓர் எழுத்தை மாற்றி இன்னொரு கணக்கு முளைக்கிறது. விலாசம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை, வாசலில் நின்று கேள்வி கேட்க முகம் இல்லை. வாங்குபவனுக்குப் பதினாறு வயதா அறுபதா என்று அந்தக் கணக்கு கேட்பதுமில்லை.

நம் அதிகாரத்தின் கை எப்போதும் தெருமுனைக்குத்தான் முதலில் நீளும். குட்காவில் இதைப் பார்த்தோம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2013-இல் தமிழ்நாட்டில் குட்காவும் பான் மசாலாவும் தடை செய்யப்பட்டன. ஆண்டுதோறும் ஆணை புதுப்பிக்கப்பட்டது. அன்றிலிருந்து செய்தித்தாளைத் திறந்தால் ஏதோ ஒரு பெட்டிக்கடைக்குச் சீல். மேலூரிலும் உசிலம்பட்டியிலும் பத்துக்குப் பத்து அடிக் கடை வைத்துப் பிழைப்பவர் கைகட்டி நிற்கும் படம். அவர் செய்தது தவறுதான். ஆனால் பொட்டலம் அவர் கடைக்கு நடந்து வரவில்லை. 2016-இல் சென்னை மாதவரம் பக்கத்துக் குட்கா கிடங்கில் வருமான வரித் துறை சோதனை நடத்தியது. லஞ்சக் கணக்கு எழுதியதாகச் சொல்லப்பட்ட டைரி வெளியே வந்தது. விவகாரம் 2018-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சிபிஐ வரை போனது. பெட்டிக்கடையை மட்டும் பூட்டிக்கொண்டே இருந்தால் கிடங்கு நிறைந்துகொண்டே இருக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே இவ்வளவு பெரிய உதாரணம் கிடைத்தது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை ஆணையை ரத்து செய்ததும், ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்ததும் தனிக் கதை.

வேப் விஷயத்தில் பெட்டிக்கடைகூட நடுவில் கிடையாது. கிடங்கிலிருந்து நேராகப் பிள்ளையின் கைக்கு வருகிறது. 2022 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் வருவாய்ப் புலனாய்வுத் துறையினர் இரண்டு லட்சம் இ-சிகரெட்டுகளைப் பிடித்தார்கள்; மதிப்பு 48 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். பிடிபட்ட ஒரு சரக்கே இவ்வளவு. 2023 ஜூலையில் ஒன்றியச் சுகாதார அமைச்சகம் 15 இணையதளங்களுக்கு விற்பனையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியது. வரவேற்க வேண்டிய நடவடிக்கைதான். சட்டம் வந்து கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படி ஒரு நோட்டீஸ் தேவைப்பட்டது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

சட்டத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தால், இல்லை. விற்பனை என்ற சொல்லுக்கு அது தரும் விளக்கத்திலேயே இணைய வழிக் கைமாற்றமும் சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. கொண்டுசெல்வது தனிக் குற்றமாகவே சொல்லப்பட்டிருக்கிறது. சோதனையிடவும் பறிமுதல் செய்யவும் ஒரு சார்பு ஆய்வாளரின் அதிகாரமே போதும். டெல்லியிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை. மதுரை மாநகருக்குள் பொட்டலங்கள் வந்து இறங்கிப் பிரியும் கூரியர் கிடங்குகள் எங்கெங்கே இருக்கின்றன என்பது அந்தந்தக் காவல் நிலையத்துக்குத் தெரியும். 'மொபைல் உதிரி பாகம்' என்று சீட்டு ஒட்டி, அனுப்பியவர் விலாசம் அரைகுறையாக, ஒரே இடத்திலிருந்து நாள்தோறும் வரும் சிறு பொட்டலங்களைக் கிடங்கு ஊழியர்களே அடையாளம் காட்டிவிடுவார்கள். கேட்கத்தான் ஆள் வேண்டும்.

பொட்டலத்தில் வரும் வேப்பை அமெரிக்கா நேராகவே அணுகியது. 2019-இல் அங்கே வேப் பிடித்தவர்களுக்கு நுரையீரல் பாதிப்பு பரவி, 2020 பிப்ரவரிக்குள் 2,800-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 68 பேர் இறந்தார்கள். அந்தப் பாதிப்புகளில் பெரும்பாலானவை, கஞ்சாச் சாறு கலந்து முறைப்படியான கடைகளுக்கு வெளியே விற்கப்பட்ட திரவங்களோடும் அவற்றில் சேர்த்த வைட்டமின் ஈ அசிட்டேட்டோடும் தொடர்புடையவை. முறையான கடைக்கு வெளியே வாங்கியதற்குத்தான் பலர் உயிரை விலையாகக் கொடுத்தார்கள். 2020 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டது: இணையத்தில் விற்பவர் பதிவு செய்ய வேண்டும், வாங்குபவரின் வயதைச் சரிபார்க்க வேண்டும், பெரியவர் ஒருவர் கையெழுத்திட்டுத்தான் பொட்டலத்தை வாங்க வேண்டும். மறு ஆண்டு அரசு அஞ்சல் துறை சில விதிவிலக்குகளோடு வேப்பைத் தபாலில் ஏற்பதையே நிறுத்தியது. விற்பனையை அனுமதித்த நாடே பொட்டலத்துக்குக் கடிவாளம் போட்டது. முழுத் தடை விதித்த நாம் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கவும் தயங்குகிறோம்.

பள்ளியிலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு எங்குமே விற்கக் கூடாது. பணிக்காலத்தில் இந்த நூறு கெஜத்துக்காகக் கடைக்காரர்களிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன். ஒருமுறை கயிறு பிடித்து அளந்தும் காட்டியிருக்கிறேன். கயிறு பிடித்து அளக்க ஒரு வாசல் இருந்தது அப்போது. இன்று பையனின் காற்சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசிக்கும் அவனுக்கும் இடையே எத்தனை கெஜம்?

புகையிலையோடு நம் வட்டாரத்துக்கு இருக்கும் உறவு பழையது. வைகைக் கரையில் சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால். 2023-இல் அந்த வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். வடக்கே திண்டுக்கல் என்றால் ஒரு காலத்தில் சுருட்டும் வாய்ப்புகையிலையும்தான். வேடசந்தூரில் மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளையே இயங்கிவந்தது. எங்கள் தாத்தா தலைமுறையில் வெற்றிலைச் செல்லத்தில் புகையிலை இல்லாத வீடு குறைவு. வாயில் புண் வந்து, கன்னம் ஓட்டையாகி இறந்த உறவினர் ஒருவராவது இல்லாத வீடும் குறைவு. எங்கள் வீட்டிலும் உண்டு. அந்த வீச்சத்தை நினைத்தால் இன்றும் சோறு இறங்காது. வயது வந்தோரிடையே புகையிலைப் பழக்கம் குறித்து நாடு தழுவிய ஆய்வு இரண்டு முறை நடந்திருக்கிறது. 2009-10-இல் தமிழ்நாட்டில் 16.2 விழுக்காட்டினர், 2016-17-இல் 20 விழுக்காட்டினர். நாடு முழுவதும் குறைந்த காலத்தில் நம் மாநிலத்தில் ஏறியிருக்கிறது. இரண்டாவது ஆய்வின்போது இ-சிகரெட் பயன்படுத்தியவர்கள் இந்தியாவில் 0.02 விழுக்காடுதான், கேள்விப்பட்டவர்களே 3 விழுக்காடு. தடை அந்தக் கட்டத்தில் வந்தது. முளையிலேயே கிள்ள வேண்டும் என்ற எண்ணம் தவறென்று நான் நினைக்கவில்லை.

ஆனால் தடையை எதிர்ப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லாமல் கடந்துபோகக் கூடாது. எரித்துப் புகைக்கும் சிகரெட், பீடியால் செத்துக்கொண்டிருக்கிறோம். அதைத் தெருவுக்குத் தெரு விற்க அனுமதித்துவிட்டு, அதைவிடக் கேடு குறைந்ததைத் தடுப்பது என்ன நியாயம்? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு, நிகோட்டின் ஒட்டுவில்லை, சூயிங் கம் முதலியவற்றைவிட நிகோட்டின் உள்ள இ-சிகரெட்டால் சிகரெட்டை விட்டவர்கள் அதிகம் என்று 2022-இல் உறுதியான சான்றோடு சொன்னது. இங்கிலாந்து அரசு 2023-இல் பத்து லட்சம் புகைப்பாளர்களுக்கு வேப் கொடுத்துச் சிகரெட்டிலிருந்து மாற்ற ஒரு திட்டமே அறிவித்தது. இதை மறைத்துப் பேசுவது வாசகருக்குச் செய்யும் துரோகம்.

ஆனால் இங்கிலாந்தின் அந்தத் திட்டம், பழக்கத்தை விடுவதற்கான ஆலோசனையோடு சேர்ந்த ஏற்பாடு. அதே பிரிட்டன், பிள்ளைகள் கையில் பெருகிய காரணத்தாலும் குப்பையாலும், ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்பை 2025 ஜூன் 1 முதல் தடை செய்துவிட்டது. ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் வேப் விற்பனையை மருந்தகங்களுக்குள் மட்டும் சுருக்கியது. திறந்து விட்டவர்களே ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு வருகிறார்கள். ஒற்றைச் சிகரெட்டை வயது கேட்காமல் விற்கும் கடைகளைக்கூடக் கட்டுப்படுத்த முடியாத நம் ஊரில், வேப் கடை திறந்தால் அங்கே நாற்பது வயதுப் புகைப்பாளர் வரிசையில் நிற்பாரா, மாம்பழ வாசனை தேடும் பையன் நிற்பானா? எனக்குச் சந்தேகமே இல்லை. தடை இருக்கட்டும் என்கிறேன்.

இருக்கட்டும் என்று சொல்லும் நாம் அந்த நாற்பது வயதுக்காரருக்கு என்ன வைத்திருக்கிறோம்? இந்தியாவில் புகையிலையால் ஆண்டுக்கு 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. விட நினைப்பவருக்கு ஒரு கை நீட்ட வேண்டாமா? ஊர்க் கடையா, இணையமா என்ற கேள்வி நம் ஊரில் உண்மையாகவே எழும் இடம் இதுதான். வேப் கடையில் அல்ல, மெடிக்கல் ஷாப்பில்.

நிகோட்டின் சூயிங் கம், 2 மில்லிகிராம் வரை மருத்துவர் சீட்டு இல்லாமலே வாங்கலாம். மருந்துக் கடையிலும் கிடைக்கிறது, இணையத்திலும் கிடைக்கிறது. இணையத்தில் சில ரூபாய் மலிவு. என் நண்பர் ஒருவர், முப்பத்தைந்து ஆண்டுகளாகப் புகைப்பவர், அப்படித்தான் வரவழைத்தார். பபிள்கம்போல மென்றார். பத்து நிமிடத்தில் விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல். "இதுக்கு சிகரெட்டே தேவலை" என்று மூன்றாம் நாள் குப்பையில் போட்டுவிட்டுப் பழையபடி ஆனார்.

பிறகு ஒருநாள் அவருடைய தெரு மருந்துக் கடையில் சர்க்கரை மாத்திரை வாங்கும்போது பேச்சு வந்தது. அந்தக் கடையில் இருக்கும் பெண் மருந்தாளுநர் அவருக்கு மகள் வயது. "அப்படி மெல்லக் கூடாதுப்பா. நாலு தடவ மெதுவா மெல்லுங்க, காரமா சுருக்குன்னு ஏறும். ஏறினதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வச்சிருங்க. அந்தச் சுருக்கு அடங்கினப்புறம் மறுபடி மெல்லுங்க. அரை மணி நேரம் ஒண்ணு போதும். டீ, காபி குடிச்சுட்டு கால் மணி நேரம் போகட்டும், இல்லாட்டி மருந்து ஏறாது" என்று சொல்லியிருக்கிறார். எச்சிலை விழுங்கிக்கொண்டே இருந்தால் நிகோட்டின் வயிற்றுக்குப் போய் எரிச்சல்தான் மிஞ்சும். வாயின் உள்தோல் வழியாக அது ரத்தத்தில் சேர வேண்டும். அட்டைக்குள் மடித்து வைத்த ஆங்கிலத் தாளில் இதெல்லாம் இருக்கும்தான். எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தை அவர் வயதில் யார் படிப்பது?

அந்தப் பெண் இன்னொன்றும் செய்தார். நெஞ்சு அடைப்பு உண்டா, ரத்தக் கொதிப்பு மாத்திரை என்ன என்று கேட்டார். கேட்டுவிட்டு, இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குங்கள் என்றார். அன்று அவருக்கு ஒரு பொட்டலம்கூட விற்பனை ஆகவில்லை. அடுத்த வாரம் நண்பர் திரும்ப வந்தார்.

இந்தப் பெண்ணைப் போன்றவர்களுக்கு அரசு என்ன செய்கிறது? புகையிலையை விடுவதற்கான இலவச உதவி எண் 1800-11-2356, 2018 செப்டம்பர் முதல் சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சாகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மையத்திலிருந்து தென்னிந்திய மொழிகளில் பேசுகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் பீடியையோ சிகரெட்டையோ ஒற்றையாக வாங்குபவர் கையில் பாக்கெட் போய்ச் சேர்வதே இல்லை. அதே எண்ணை ஒவ்வொரு மருந்துக் கடை மேசையிலும் பெரிய தமிழ் எழுத்தில் ஒட்டிவைக்க என்ன செலவாகும்? மாநில அரசு 2025 பிப்ரவரியில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. அங்கே நிகோட்டின் கம்மை மலிவு விலையில் வைத்து, அதை எப்படி மெல்லுவது என்று சொல்லிக்கொடுக்க மருந்தாளுநர்களுக்கு அரை நாள் பயிற்சி கொடுத்தால் வாடிப்பட்டியிலும் திருமங்கலத்திலும் இருக்கும் பீடித் தொழிலாளிக்கும் லாரி ஓட்டுநருக்கும் ஒரு வழி பிறக்கும்.

பெட்டிக்கடைக்காரர்களையும் நாம் இன்னும் நன்றாக நடத்தலாம். புகையிலை விற்பவர் உரிமம் பெற வேண்டும், அந்தக் கடையில் மிட்டாய், பிஸ்கட், சிப்ஸ் போன்றவை விற்கக் கூடாது என்று 2017-இல் ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு யோசனை சொன்னது. சொன்னபடி செய்தால் ஆயிரக்கணக்கான சிறு கடைகள் மூடப்படும் என்ற அச்சம் நியாயமானது. அதைப் படிப்படியாக, மாற்று வருமானத்துக்கு வழிகாட்டிச் செய்ய வேண்டும். அதுவரை குறைந்தபட்சம் ஒன்று செய்யலாம்: சீல் வைக்கப் போகும் அதே அதிகாரி, பிள்ளைகளைத் திருப்பி அனுப்பும் கடைக்காரரையும் பள்ளி ஆண்டு விழாவுக்கு அழைத்து ஒரு துண்டு போர்த்தலாம். அவரைப் பார்த்து இன்னும் நான்கு பேர் அப்படி நிற்பார்கள்.

அந்தத் தகப்பனாரிடம் அன்று நான் இரண்டு காரியம் சொன்னேன். பையனை அடிக்காதீர்கள், முதலில் அந்தப் பாட்டியிடம் இது என்னவென்று சொல்லுங்கள் என்றேன். பொட்டலத்தின்மேல் ஒட்டியிருந்த சீட்டைக் கிழிக்காமல் காவல் நிலையத்துக்கு எடுத்துப் போங்கள் என்றேன். அவர் போனார். வாங்கிய எண்ணும் பணம் போன கணக்கும் அவர் கையில் இருந்தன. நிலையத்தில் இருந்தவர் அந்தப் பச்சைப் பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்தக் கடையில வாங்கினான்?" என்று கேட்டாராம்.